வடகம் காயவைக்கும் வீட்டுக்கு எந்த வானிலைச் சேவை கைகொடுக்கும்? மூன்று கோடை பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

நான் இருப்பது வேலூரை ஒட்டிய காட்பாடியில். பங்குனி பிறந்தால் வைகாசி முதல் வாரம் வரைக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடிதான் எனக்குப் பட்டறை. தாளிப்பு வடகம், கூழ் வத்தல், மோர் மிளகாய் மூன்றும் போட்டு, தெரிந்தவர்களுக்கும் அவர்கள் சொல்லி வருபவர்களுக்கும் கொடுக்கிறேன். ஒரு கோடைக்கு 50, 60 கிலோ சின்ன வெங்காயம் நறுக்குகிறோம் என்றால் வேலை எவ்வளவு இருக்கும் என்று வீட்டில் வடகம் போட்டவர்களுக்குத் தெரியும். வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் பிசைந்து ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் உதிரியாகக் காயவைத்து, அப்புறம் உருண்டை பிடித்து, விளக்கெண்ணெய் தொட்டுத் தொட்டு உருட்டி, ஒரு வாரம் பத்து நாள் தினமும் காலையில் மேலே ஏற்றி சாயந்திரம் கீழே இறக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் நனைந்தால் போச்சு.

வேலூரை வெயிலூர் என்று சொல்வார்கள், அதனால் இங்கே வெயிலுக்குக் கவலையே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வெயில் இருக்கிறது, அது நிஜம். ஆனால் அந்த வெயில் எந்த அளவுக்கு ஏறுகிறதோ அந்த அளவுக்குச் சாயந்திர இடிமழைக்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது. இந்த வருடம் மாசி முடியும் முன்பே வெயில் பங்குனி கடைசி போல அடிக்க ஆரம்பித்துவிட்டதால், வழக்கத்தைவிட முன்னாலேயே வெங்காயம் வாங்கிவிட்டேன். அதனால் வானிலை பார்க்கும் வேலையும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. இதுவரை நான் பயன்படுத்திய சேவைகள் எல்லாமே இலவசம்தான், ஆனால் எதை எதற்குப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்ததில் எனக்கு நஷ்டம் ஆகியிருக்கிறது. அந்த நஷ்டம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் போனோடு வந்த செயலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், எந்தப் போன் வாங்கினாலும் இந்த மாதிரி ஒன்று உள்ளேயே இருக்கும். முந்தின வருடம் சித்திரை மாதம், வடகம் உருண்டை பிடித்து முதல் நாள் காயல். காலையில் திறந்து பார்த்தால் மஞ்சள் சூரியன், மழை வாய்ப்பு 10 சதவீதம். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தபோதும் அதே சூரியன். சரி என்று நம்பி, பூண்டு வாங்க நேதாஜி மார்க்கெட் போனேன். நாலேகால் இருக்கும், மேற்கே புழுதி எழுந்து வெளிச்சம் ஒரு மாதிரி செம்மண் நிறமாக மாறியது. ஆட்டோ பாலாற்றுப் பாலத்தில் வரும்போதே பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்துவிட்டது. வீட்டில் அத்தை மட்டும்தான் இருந்தார். அவர் ஒருவரே ஓடி ஓடி இரண்டு தட்டு எடுத்திருக்கிறார், மீதி 8 கிலோ வெங்காயத்து வடகம் மாடியில் கூழாகக் கிடந்தது. மறுநாள் நல்ல வெயிலில் திரும்பக் காயவைத்தேன், மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது, ஐந்தாம் நாள் ஒன்றை உடைத்துப் பார்த்தால் நடுவில் பூஞ்சணம். அத்தனையும் கொட்டினேன்.

அதற்கப்புறம் இந்தச் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தேடிப் படித்தேன். உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினி கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கு முறையைத்தான் 'மாதிரி' என்கிறார்கள். ஐரோப்பிய மாதிரிக்கு ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்க மாதிரிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். நம் ஊர்க் கோடை மழை மேகமோ சில கிலோமீட்டர் அகலத்தில் மதியத்துக்கு மேல் முளைத்து, பெய்து, ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். காட்பாடியில் கொட்டும்போது பாகாயத்தில் தரை காய்ந்து கிடக்கும். அந்தக் கட்டத்துக்குள் எந்த மூலையில் பெய்யும் என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. 10 சதவீதம் என்று போட்டது பொய்யில்லை, அந்தப் பத்தில் ஒன்று என் மாடியாக இருந்தது. அதை நான் 'மழை இல்லை' என்று படித்ததுதான் பிசகு.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. போன வருடம் அதே செயலி தொடர்ந்து ஐந்து நாள் மேகமும் மின்னலுமாகப் படம் காட்டியது. போன தடவை பட்டது ஞாபகம் இருந்ததால் வெங்காயத்தை நறுக்காமலே வைத்திருந்தேன். ஐந்து நாளும் ஒரு துளி இல்லை, சுட்டெரிக்கிற வெயில், மூட்டையில் வெங்காயம் முளைவிட ஆரம்பித்துவிட்டது. கோடையில் காலையிலேயே ஒரு படத்தைப் பார்த்து முழு நாளையும் முடிவு செய்வது எந்தப் பக்கமும் உதவாது என்று அப்போதுதான் புரிந்தது. அந்தச் செயலியை ஊருக்குப் போகும்போது அங்கே குளிரா வெயிலா என்று பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.

இப்போது நான் நாளைத் தொடங்குவது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையோடு. நுங்கம்பாக்கத்திலிருந்து தினமும் தமிழில் வருகிறது, அவர்கள் இணையதளத்திலேயே படிக்கலாம். டிவியில் கீழே ஓடுவதும் பேப்பரில் வருவதும் இதன் சுருக்கம்தான். நைனா உயிரோடு இருந்தபோது ரேடியோவில் இதைக் கேட்காமல் கழனிக்குப் போகமாட்டார். சின்ன வயதில் எனக்கு அது தினம் ஒரே மாதிரி வாசிக்கிற மந்திரம் மாதிரி இருந்தது. 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்' என்று வருடம் முழுக்க ஒரே வரிதானே என்று நினைப்பேன். உண்மையில் அந்த வரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு இருக்கிறது, அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு இதைவிட நல்ல அறிக்கை கிடையாது.

ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் கால்பங்குக்குள் மழை பதிவாகலாம். ஒருசில இடங்கள் என்றால் கால்பங்குக்கு மேல் பாதி வரை. அதற்கு மேலே அநேக இடங்கள், முக்கால்பங்குக்கு மேல் போனால் பெரும்பாலான இடங்கள். லேசான மழை என்றால் ஒரு நாளில் 15.5 மில்லிமீட்டர் வரை, மிதமான மழை 64.4 வரை, அதைத் தாண்டினால் கனமழை. இதை என் மாடிக்கு நான் இப்படி மாற்றிக்கொண்டேன்: ஓரிரு இடங்கள் என்று இருந்தால் வடகத்தைக் காயப்போடுவேன், ஆனால் மதியத்துக்கு மேல் வீட்டை விட்டு நகரமாட்டேன். ஒருசில இடங்கள் என்றால் ஏற்கெனவே பாதி காய்ந்த உருண்டை மட்டும், அதுவும் தூக்க வசதியாக முறத்திலும் தட்டிலும். புதிதாகக் கூழ் கிண்டி வேட்டியில் ஊற்றமாட்டேன், ஏனென்றால் கூழ் வத்தலுக்கு முதல் நாள் வெயில் முழுசாக வேண்டும், வேட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சட்டென்று அள்ளவும் முடியாது. அநேக இடங்கள் என்று வந்தால் அன்றைக்கு மிளகாயை மோரில் ஊறவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

மாவட்டப் பெயரையும் கவனிக்க வேண்டும். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூரில் இருப்பவர் வேலூர் என்று பார்த்தால் அது அவருக்கான எச்சரிக்கை இல்லை, அவர் திருப்பத்தூரைப் பார்க்க வேண்டும். ஆற்காடு, சோளிங்கர், அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டைக்குள். என் அண்ணி வாலாஜாவில் இருக்கிறார், ஒரு வருடம் முழுக்க வேலூருக்கான வரியைப் பார்த்துவிட்டு 'நம்ம ஊருக்கு ஒண்ணும் போடலையே' என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் பக்கமும் அந்த அறிக்கை நன்றாகச் சொல்கிறது. 'அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கக்கூடும்' என்று வரும். பேப்பர்காரர்கள் இதையே பாரன்ஹீட்டில் மாற்றி 'வேலூரில் வெயில் சதம்' என்று போடுவார்கள். 100 பாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ், 104 என்பது 40. இரண்டையும் கலந்து படித்தால் குழப்பம்தான் வரும், நான் செல்சியஸை மட்டும் வைத்துக்கொண்டேன். வெப்ப அலை என்று அவர்கள் சும்மா சொல்வதில்லை. எங்கள் மாதிரி உள் மாவட்டச் சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியாவது இருந்து, இயல்பைவிட 4.5 டிகிரிக்குக் குறையாமல் கூடியிருக்க வேண்டும், அல்லது நேராகவே 45-ஐத் தொட்டிருக்க வேண்டும். அதுவும் குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்து. பங்குனி தொடக்கத்தில் 39 டிகிரி அடித்தால் அது அந்த வரையறைக்குள் வராது, ஆனால் உடம்புக்கு அது பழகாத வெயில். 'வெப்ப அலை என்று சொல்லவில்லையே' என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம், 'இயல்பைவிட' என்கிற சொல் வந்தாலே கவனம் வேண்டும்.

இன்னொன்று, அந்த எண் நிழலில், காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து உயரத்தில் வைத்து அளந்தது. மொட்டை மாடி தளம் அதைவிட எவ்வளவோ சூடு. செருப்பில்லாமல் பன்னிரண்டு மணிக்கு ஏறிப் பாருங்கள், நான்கு அடி வைக்க முடியாது. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு அறிக்கையில் உள்ள எண் ஆரம்பக் கணக்கு மட்டும்தான்.

ஏன் வெயில் கூடினால் இடி வருகிறது என்று என் பெண் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, பிறகு படித்துத்தான் சொன்னேன். தரை சூடேறினால் அதன் மேல் உள்ள காற்று லேசாகி மேலே எழும்புகிறது. வெறும் உலர்ந்த காற்றாக இருந்தால் எழும்பினாலும் மழை இல்லை. வங்காள விரிகுடாப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் உலர்காற்றும் உள்மாவட்டங்களின் மேல் ஒன்றை ஒன்று முட்டுகிற நாட்களில் அந்த ஈரமும் சேர்ந்து மேலே தள்ளப்படுகிறது. அறிக்கையில் காற்றின் திசை மாறுபடும் பகுதி, வளிமண்டல கீழடுக்கு சுழற்சி என்றெல்லாம் வருவது இந்த மாதிரி நிலையைத்தான். மேலே போகப் போக ஈரம் குளிர்ந்து மேகமாகி, அந்த மேகம் 10 கிலோமீட்டருக்கும் மேலே வளர்ந்துவிடுகிறது. உச்சியில் பனித்துகளும் ஆலங்கட்டித் துகளும் மோதி உரசி மின்னூட்டம் பிரிகிறது, அதுதான் மின்னல். நம்மைச் சுற்றி மரமில்லாத பாறை மலைகள், பகலெல்லாம் சுட்டுக் கிடந்து மலைச்சரிவில் காற்றை மேலே அனுப்புகின்றன. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் ஜவ்வாது மலைப் பக்கம்தான் முதலில் காலிபிளவர் மாதிரி வெள்ளையாக ஒரு மேகம் எழும்பும். அதன் அடி கறுத்து, தலை தட்டையாக விரிய ஆரம்பித்தால் நான் தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிடுவேன். ஈசானிய மூலையில் மின்னினால் மழை என்று ஆயா சொல்வார். அவர் வானம் பார்த்தது போல நாமும் பார்க்க வேண்டும், செயலி வந்துவிட்டது என்று வானத்தைப் பார்க்காமல் விடக்கூடாது.

காலை அறிக்கைக்கு அடுத்தது மௌசம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் செயலி, 2020-ல் வெளியிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கை. பச்சை என்றால் ஒன்றுமில்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை பார்க்கிறேன். வேலூர் மாவட்டம் மஞ்சளானால் பேரணாம்பட்டிலிருந்து காட்பாடி வரை எங்கே வேண்டுமானாலும் என்று பொருள், மாவட்ட எச்சரிக்கையின் இயல்பே அது. 'மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று' என்று சேர்த்துப் போட்டிருந்தால் அதை மழையைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். கோடை மழையில் துளி விழுவதற்கு முன்னால் வருகிற அந்தக் குளிர்ந்த காற்றுதான் வேட்டியோடு வத்தலைத் தூக்கிக்கொண்டு போகும், மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் பிஞ்சை உதிர்ப்பதும் அதுதான்.

இனி மின்னல் எங்கே அடிக்கிறது என்று காட்டும் தாமினி செயலி. இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு முக்கியக் காரணமே இதுதான், மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

வடகம் போடுகிற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. இடி கேட்டால் 'ஐயையோ, மாடியில இருக்கே' என்று எல்லோரும் மேலே ஓடுவோம். அம்மா ஓடியிருக்கிறார், ஆயா ஓடியிருக்கிறார், நானும் ஓடியிருக்கிறேன். இடி கேட்கிற நேரத்தில் சுற்றிலும் உயரமாக எதுவும் இல்லாத மாடியில், கையில் எவர்சில்வர் தட்டோடு நிற்பதைவிட ஆபத்தான இடம் வேறு கிடையாது. இது எனக்கு உறைத்தது போன வருடம் சித்திரையில். மழை தொடங்கவில்லை, தலைக்கு மேலே வானம் பாதி வெளுத்திருந்தது, எங்கோ தூரத்தில் உறுமியது. அத்தை முறத்தை எடுக்க மேலே போனார். அவர் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டு தெரு தள்ளி ஒரு தென்னை மரத்தில் விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டார், கையெல்லாம் நடுங்கியது, பத்து நிமிடம் பேச்சே வரவில்லை. ஒரு நிமிடம் முன்னால் அவர் மாடியில் நின்றிருந்தார். அந்தத் தென்னையின் குருத்து கருகிப் போனதை இன்றும் எங்கள் மாடியிலிருந்து பார்க்கலாம்.

மழை பெய்கிற இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இடிச் சத்தம் காதில் விழுகிறதென்றாலே நாம் அந்த எல்லைக்குள் இருக்கிறோம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று விநாடி என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணிக்கொண்டு மாடியில் நிற்க வேண்டாம், கீழே வந்து எண்ணுங்கள்.

தாமினி செயலியை புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. நாடு முழுவதும் மின்னலை உணரும் கருவிகள் வைத்து, எங்கே மின்னல் அடித்தது என்பதை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டுகிறார்கள். நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் என்று பார்க்கலாம். புள்ளியின் நிறத்தை வைத்து அது கடைசி ஐந்து நிமிடத்தில் அடித்ததா, அதற்கு முந்தையதா என்று தெரியும். நம் இடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி கேட்கும், அதைக் கொடுத்தால்தான் பயன். எழுத்து படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் புள்ளி நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பது புரியும். அத்தைக்கு 68 வயது, இரண்டு நாளில் கற்றுக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். மூன்று மணியிலிருந்து யாராவது ஒருவர் தாமினியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். 40 கிலோமீட்டருக்குள் புள்ளி வந்தால் தட்டுகளை இறக்க ஆரம்பிக்க வேண்டும். 20-க்குள் வந்துவிட்டால் மேலே எது கிடந்தாலும் யாரும் ஏறக்கூடாது, அது பத்து கிலோ வெங்காயமாக இருந்தாலும் சரி. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மாடிக் கதவு திறக்கும். இந்தச் சட்டம் போட்ட பிறகு ஒரே ஒரு தடவை மிளகாய் நனைந்தது. நனைந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தாமினி மேகம் முளைப்பதை முன்கூட்டிச் சொல்வதைவிட, அடிக்கத் தொடங்கிய மின்னலைச் சொல்வதில்தான் கெட்டி. நம் தலைக்கு மேலேயே மேகம் உருவானால் முன்னறிவிப்பு நேரம் குறைவாகத்தான் கிடைக்கும், அதனால்தான் மௌசத்தின் மூன்று மணி நேர எச்சரிக்கையையும் வானத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கழனி வைத்திருப்பவர்களுக்கு மேகதூத் என்ற செயலி இருக்கிறது, 2019-ல் வந்தது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாவட்ட வாரியாக வேளாண் ஆலோசனை வரும், அடுத்த ஐந்து நாளுக்கான மழை, வெப்பம், காற்று, ஈரப்பதத்தோடு. தமிழிலும் இருக்கிறது. எனக்கு நேராக இது தேவைப்படவில்லை, ஆனால் கே.வி.குப்பம் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா இதை வைத்துத்தான் நவரை நெல் அறுப்புக்கு நாள் பார்க்கிறார். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அறுத்துக் களத்தில் கொட்டிய பிறகு ஒரு கோடை மழை வந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். போன பங்குனியில் அறுவடை இயந்திரம் வெள்ளிக்கிழமை கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார். வெள்ளி, சனிக்கு மழை என்று ஆலோசனையில் இருந்ததால் சித்தப்பா வேண்டாம் என்று நான்கு நாள் தள்ளிப் போட்டார். சனிக்கிழமை ராத்திரி காற்றும் மழையும் வந்தது. 'நிக்கிற பயிர்ல பெஞ்சா வடிஞ்சிடும்மா, களத்துல பெஞ்சா என்ன பண்றது' என்றார்.

விண்டி என்ற செயலியைப் பற்றியும் கேட்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஈரம் எங்கே சேர்கிறது என்று பார்க்க அழகாக இருக்கும், ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் அன்றைக்குக் கொஞ்சம் நம்பிக்கை கூடும். ஆனாலும் கட்டக் கணக்கு கட்டக் கணக்குதான். தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் வானிலை பற்றி எழுதும் பிரதீப் ஜானின் பக்கத்தையும் தொடர்கிறேன். ரேடார் படத்தை வைத்து எந்தப் பக்கம் மேகம் நகர்கிறது என்று எளிமையாக எழுதுகிறார், கோடை சாயந்திரங்களில் அது உதவியாக இருக்கிறது. ரேடாரை நாமே பார்க்கவும் முடியும், சென்னை ரேடார் படம் வானிலைத் துறை இணையதளத்தில் இருக்கிறது. ஆனால் வேலூர் அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், பூமியின் வளைவில் ரேடார் கதிர் நம் ஊருக்கு வரும்போது தரையிலிருந்து நன்றாக உயரத்தில் போகிறது. உயரமாக வளர்ந்த இடிமேகம் அதில் நன்றாகத் தெரியும், தாழ்வான சின்ன மேகம் தெரியாமல் போகலாம்.

நீண்ட நாள் பார்வைக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் மார்ச் முதல் மே வரைக்குமான கோடைக் கண்ணோட்டம் வரும், வெயில் இயல்பைவிடக் கூடுமா குறையுமா என்று நாடு முழுக்க வரைபடமாக. அப்புறம் வாரத்துக்கு ஒரு முறை, வியாழக்கிழமை, அடுத்த சில வாரங்களுக்கான நீட்டித்த முன்னறிவிப்பு. இவற்றை வைத்து நாள் குறிக்க முடியாது. வெங்காயம் எப்போது மொத்தமாக வாங்குவது, ஆள் எப்போது சொல்லி வைப்பது என்று திட்டம் போட மட்டும் நான் பயன்படுத்துகிறேன். 2024 ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் உள் மாவட்டங்கள் பட்ட வெயிலை மறந்திருக்கமாட்டோம். அந்த வருடம் அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. அது நல்ல முடிவு என்று நினைக்கிறேன், ஏனென்றால் வெயிலில் மயங்கி விழுந்தவரை 'சாப்பிடாம இருந்திருப்பாங்க' என்று சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது.

அதனால் இந்த வருடம் மாடி நேரத்தையும் மாற்றிவிட்டோம். காலை ஏழு மணிக்குள் எல்லாம் காயப்போட்டுவிடுவோம். பதினொரு மணிக்கு ஒரு தடவை திருப்பி விடுவதோடு சரி, மூன்று மணி வரை யாரும் மேலே போவதில்லை. வடகத்துக்கு அந்த வெயில் வேண்டும், நமக்கு வேண்டாம். உருண்டை பிடிக்க வருகிற இரண்டு பேருக்கும் கீழே வராந்தாவில் மேசை விசிறி போட்டு, மண்பானைத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் வைத்திருக்கிறேன். கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் பதினொரு மணிக்கு. தலைசுற்றல், வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான், ஈரத்துணி போட்டு நிழலில் படுக்கவைக்க வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ 108-க்கு உடனே அழைக்க வேண்டும், தெளியும் தெளியும் என்று காத்திருக்கக்கூடாது.

வெயில் கூடுதலாக இருப்பதில் வடகத்துக்கு ஒரு லாபம் உண்டு, பத்து நாள் காய வேண்டியது ஏழு நாளில் காய்ந்துவிடுகிறது. ஆனால் மேல்தோல் சீக்கிரம் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும் என்பதால், இந்த மாதிரி வருடங்களில் உருண்டையைச் சின்னதாகப் பிடியுங்கள், எலுமிச்சை அளவு வேண்டாம், பெரிய நெல்லிக்காய் அளவு போதும். காற்றில் ஈரம் கூடுகிற நாட்களில், அறிக்கையில் 'வெப்ப அசௌகரியம்' என்று வரும், அன்றைக்கு எவ்வளவு வெயில் அடித்தாலும் வடகம் காய்வது மந்தமாகத்தான் இருக்கும். சாயந்திரம் கீழே இறக்கியதும் மூடிப் பானைக்குள் போடாமல் விசிறிக் காற்றில் விரித்து வையுங்கள்.

இன்று மதிய அறிக்கையில் வட தமிழக உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை, வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி கூடுதல் என்று இருந்தது. மாடியில் நான்காம் நாள் வடகம் ஆறு தட்டு இருந்தது. மூன்றரைக்குத் தெற்கே மேகம் எழும்பியது, மூன்று ஐம்பதுக்கு தாமினியில் கணியம்பாடி தாண்டி முதல் புள்ளி. நாலு மணிக்குள் ஆறு தட்டும் வராந்தாவில். மழை எங்களுக்கு வரவில்லை, புழுதிக் காற்று மட்டும் பத்து நிமிடம் அடித்துவிட்டுப் போனது. அத்தை மாடிக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கடைசி இடி எப்போது கேட்டது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.